சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காதை உண்டு. புகார் நகரத்துச் சிறைச்சாலைக்குள் மணிமேகலை அமுதசுரபியை ஏந்திச் செல்கிறாள். பசியால் வாடிக் கிடந்த கைதிகளுக்கெல்லாம் வயிறார உணவளிக்கிறாள். செய்தி அரசன் செவிக்கு எட்டுகிறது. சோழ வேந்தன் அவளை வரவழைத்து, ‘நீ வேண்டுவது யாது?’ என வினவுகிறான். பொன்னும் மணியும் அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்கித் தருமாறு கேட்டாள். அரசனும் அவ்வாறே செய்தான்.

நம் முன்னோர் போற்றிய இக்கதையைப் படிக்குந்தோறும் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கோட்டத்தின் பெயரை மாற்றுதல் எளிது. கட்டடத்தை மாற்றுதலும் எளிதே. ஆனால், அதனுள் அடைபட்டிருந்த மனிதனை மாற்றுவது எங்ஙனம்? களவும் கொலையும் செய்த கை, நாளை கலப்பையைப் பிடிக்குமா? விடுபட்டோர் பின்னர் என்னவாயினர் என்பது அக்காதையின் பொருளன்று. அவ்வினாவுக்கு விடை தேடும் பொறுப்பு பின்வந்தோர்க்கு விடப்பட்டது.

நீதி என்பது இரு பாதிகளை உடையது. குற்றவாளியைக் கண்டுபிடிப்பதும், சாட்சிகளை விசாரிப்பதும், தீர்ப்பு வழங்குவதும் முற்பாதி. தீர்ப்புக்குப் பிறகு அம்மனிதனை என்ன செய்வது என்பது பிற்பாதி. குற்றத்தைப் பற்றி எடுக்கப்படும் திரைப்படங்களிற் பெரும்பாலானவை முற்பாதியோடு நின்றுவிடுகின்றன. வழக்கறிஞர் முழங்குவார், பொய்ச்சாட்சி கலங்குவான், நீதிபதி தீர்ப்பைப் படிப்பார், கொட்டகையில் விளக்கு ஏற்றப்படும், நாமும் எழுந்து வீடு திரும்புவோம். சிறைக்கதவு சாத்தப்பட்ட பின் உள்ளே நடப்பது யாது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மிற் சிலரே.

அந்தச் சாத்திய கதவிலிருந்து கதையைத் தொடங்கிய இந்திப் படமொன்று 1957-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ என்பது அதன் பெயர். ‘இரு கண்கள், பன்னிரு கைகள்’ என்பது அதன் பொருள். அப்படத்தின் வரலாறும், அதற்கு வேராக நின்ற உண்மை நிகழ்ச்சியும், அதன் பின் விளைந்தனவும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை. அவற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தை இயக்கியவரும் அதில் தலைமைப் பாத்திரம் ஏற்று நடித்தவரும் வி. சாந்தாராம் ஆவார். 1901-இல் பிறந்த அவர், 1929-இல் கோலாப்பூரில் பிரபாத் பிலிம் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவர். 1937-இல் அவர் எடுத்த ‘துனியா ந மானே’ என்னும் படம், கிழவனுக்கு வாழ்க்கைப்படுத்தப்பட்ட இளம்பெண் ஒருத்தி அம்மணத்தை ஏற்க மறுத்து நிற்பதைக் காட்டிற்று. 1941-இல் எடுத்த ‘படோசி’ இந்து முஸ்லிம் ஒற்றுமையைப் பேசிற்று. 1942-இல் பம்பாயில் ராஜ்கமல் கலாமந்திர் என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வேடிக்கை காட்டுவதோடு சமூகத்தின் நோயையும் தொட்டுக் காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை.

கதை இதுதான். ஆதிநாத் என்பவன் ஓர் இளம் சிறை அதிகாரி. கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற அறுவரைத் தன் பொறுப்பில் விடுமாறு அவன் மேலதிகாரியிடம் வேண்டுகிறான். மதிலும் இல்லை, விலங்கும் இல்லை, துப்பாக்கிக் காவலும் இல்லை. ஆள் நடமாட்டமற்ற ஓரிடத்தில் பாழ்பட்டுக் கிடக்கும் பண்ணையொன்றுக்கு அவர்களை அழைத்துச் செல்கிறான். அவர்களோடு உண்கிறான், உறங்குகிறான், மண்வெட்டி பிடிக்கிறான். கல்லும் முள்ளுமாய்க் கிடந்த நிலம் மெல்ல மெல்லப் பசுமையடைகிறது. பொம்மை விற்று வயிறு வளர்க்கும் சம்பா என்னும் பெண்ணொருத்தி, அவ்வறண்ட வாழ்வில் அவ்வப்போது வந்து சிரிப்பை விதைத்துச் செல்கிறாள்.

விளைந்த காய்கறிகளை அறுவரும் சந்தைக்குக் கொண்டு செல்கின்றனர். நேர்மையான விலைக்கு விற்கின்றனர். அதனால் ஆத்திரமடைபவன் யார்? சிறையிலிருந்து வந்த கொலைகாரன் அல்லன். சந்தையைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்த வியாபாரி. ஊரில் மதிப்புடன் உலாவும் பெரிய மனிதன். அவன் ஏவிய ஆட்களாலேயே கேடு விளைகிறது. மூர்க்கமான காளையை எதிர்த்துப் போராடி ஆதிநாத் உயிர் துறக்கிறான். காவலன் மாண்டான், இனி அறுவரையும் தடுப்பார் இல்லை. ஆயினும் அவர்கள் ஓடவில்லை. மாண்டவனுடைய இரு கண்களும் தங்களை இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கின்றனர். பன்னிரு கைகளும் மீண்டும் மண்ணைத் தொடுகின்றன.

காளையோடு மோதும் காட்சியைப் படமாக்கும்போது சாந்தாராமின் கண் உண்மையாகவே காயமுற்றது. பார்வை போய்விடுமோ என்று அஞ்சும் நிலை ஏற்பட்டுப் பின்னர் நலமடைந்தார். இரு கண்களைப் பற்றிய படத்தை எடுத்தவர் தம் கண்ணையே பணயம் வைத்தார் எனலாம். வசந்த் தேசாய் இசையமைத்து, பரத் வியாஸ் எழுதி, லதா மங்கேஷ்கர் பாடிய இப்படத்தின் பிரார்த்தனைப் பாடல், வட இந்தியப் பள்ளிக்கூடங்களில் காலை வணக்கப் பாடலாகப் பரவிற்று. இந்திய அரசாங்கத்தின் தங்கப் பதக்கமும், 1958-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடிப் பரிசும் இப்படத்திற்குக் கிடைத்தன.

இவ்வளவும் கேட்ட பின், ‘கதைக்கு என்ன? கதையில் புலியும் புல் தின்னும்’ என்று நம் அன்பர்கள் கூறக்கூடும். ஆனால் இது வெறுங்கதையன்று. இப்படத்தின் கதையை எழுதிய ஜி.டி. மாட்கூள்கர் மராட்டியக் கவிஞர். மராட்டியர் இல்லந்தோறும் ஒலித்த ‘கீத ராமாயணம்’ இயற்றியவர். அவர் பிறந்து வளர்ந்த பகுதியிலேயே இத்தகைய கைதிகள் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் பெயர் ஸ்வதந்திரபுரம், அதாவது சுதந்திரபுரி. கைதிகள் வாழும் ஊருக்குச் சுதந்திரபுரி என்று பெயரிட்டவர்களின் துணிவை என்னென்பது!

தென்மராட்டியப் பகுதியில் ஔந்த் என்றொரு சிறு சமஸ்தானம் இருந்தது. எழுபத்திரண்டு கிராமங்கள், அவையும் ஒரே தொடர்ச்சியாக இல்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. அதன் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி ஓவியக் கலையில் நாட்டமுடையவர்; சூரிய நமஸ்காரப் பயிற்சியை எங்கும் பரப்பியவர். பிற சமஸ்தானாதிபதிகள் வேட்டையிலும் விருந்திலும் பொழுது போக்கிய காலத்தில், அவர் தம் அதிகாரத்தைத் தம் பிரஜைகளிடமே ஒப்புவிக்க முடிவு செய்தார். காந்தியடிகளின் ஆலோசனையைப் பெற்று, 1939-இல் ஔந்த் சமஸ்தானத்திற்குச் சுயராஜ்ய அரசியல் சட்டம் வழங்கப்பட்டது. கிராமப் பஞ்சாயத்துகளே ஆட்சியின் அடிப்படையாயின.

அரசரின் மைந்தர் அப்பா பந்தும், மாரிஸ் பிரீட்மன் என்னும் போலந்து நாட்டுப் பொறியாளரும் இம்முயற்சியில் முன்னின்று உழைத்தவர்கள். பிரீட்மன் மைசூர் அரசாங்கத்தின் மின்சாரத் தொழிற்சாலையில் பணிபுரிய இந்தியாவுக்கு வந்தவர். யூதராய்ப் பிறந்து, காந்தியடிகளின் வழியில் ஈடுபட்டு, பாரதானந்தர் என்ற பெயரையும் ஏற்றவர். திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியின் அருகில் அமர்ந்து ஐயங்கள் கேட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பது தமிழர் அறியத்தக்க செய்தி.

அந்த 1939-ஆம் ஆண்டிலேயே ஆட்பாடிக்கு அருகில் ஸ்வதந்திரபுரம் தோன்றிற்று. கைதிகளைப் பூட்டி வைக்காமல், நிலத்தைக் கொடுத்து உழவைச் செய்யச் சொல்லினர். குடும்பத்தோடு வாழவும் இடமளித்தனர். தப்பியோட விரும்புவோனைத் தடுக்கும் மதில் அங்கு இல்லை. அவனைத் தடுத்தது அவன் கொடுத்த வாக்கு ஒன்றுதான். 1948-இல் ஔந்த் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து மறைந்தது. அரச பீடம் போயிற்று. ஆனால் கைதிகளின் அச்சிற்றூர் போகவில்லை. அரசர்களின் கோட்டைகளைவிடக் கைதிகளின் குடிசைகள் நீண்ட ஆயுள் பெற்றன.

இப்படம் வெளிவந்த காலத்தில், குற்றத்தைப் பற்றி நாட்டில் நிலவிய எண்ணம் எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். பன்னிரு கைகள் என்று தலைப்பிலேயே கைகளைப் பேசுகிறது படம். கை என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வரவேண்டியது ஒன்று உண்டு. 1871-இல் ஆங்கில அரசாங்கம் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றிற்று. சில கூட்டத்தார் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்பது அச்சட்டத்தின் உட்பொருள். தாயின் மடியில் கிடக்கும் குழந்தைக்குக்கூடக் குற்றவாளிப் பட்டம் பிறப்புரிமையாயிற்று! 1911-இல் இச்சட்டம் விரிவாக்கப்பட்ட பின் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. விரல் ரேகையைப் பதிவு செய்து, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்குமாறு ஆடவரை வற்புறுத்தினர். ஆகவே தமிழ் மக்கள் அதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை கொடுக்க மறுத்து நின்றபோது காவற்படை சுட்டது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுவதிலும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது, எண்ணம் ஒழிந்ததா? கள்வன் மகன் கள்வனே, கொலைகாரன் என்றும் கொலைகாரனே என்னும் நம்பிக்கை சட்டப் புத்தகத்தில் மட்டும் குடியிருக்கவில்லை. அது படித்தவர் மூளையிலும் பாமரர் பேச்சிலும் குடியிருந்தது. அந்நம்பிக்கையை எதிர்த்து 1951-இல் ராஜ்கபூரின் ‘ஆவாரா’ படம் வாதாடிற்று. நல்ல குலத்திற் பிறந்தவன் நல்லவனே, திருடன் மகன் திருடனே என்று சாதிக்கும் நீதிபதியின் சொந்த மகனே அப்படத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். ‘ஆவாரா’ நீதிமன்றத்தில் கேட்ட கேள்விக்குச் சாந்தாராமின் படம் வயல்வெளியில் விடை தேடிற்று என்பது பொருந்தும். சட்டம் கையில் மையைத் தடவி ரேகை எடுத்தது. ஆதிநாத் அதே கையில் மண்வெட்டியைக் கொடுத்தான்.

இனி, அவ்விரு கண்களின் பொருளை ஆராய்வோம். ஒருவன் மற்றொருவனைப் பார்க்கும் பார்வை இருவகைப்படும். காவற்காரன் பார்ப்பது ஒன்று. தாய் பார்ப்பது மற்றொன்று. காவற்காரன் கண்ணில் படாமல் தப்பிக்கவே மனிதன் வழி தேடுவான். தாய் கண்ணில் படவேண்டுமென்றே குழந்தை நல்லது செய்யும். ஆதிநாத்தின் கண்கள் முதலில் காவற்கண்களாக இருந்து, பின்னர் தாயின் கண்களாக மாறி, இறுதியில் அறுவருடைய நெஞ்சிலும் புகுந்து மனச்சான்றாக நிலைபெறுகின்றன. தண்டனை என்பது வெளியிலிருந்து வருவது. குற்றவுணர்வு என்பது உள்ளிருந்து வருவது. தண்டனைக்கு நாள் கணக்கு உண்டு. பத்தாண்டு கழிந்தால் கதவு திறக்கும். குற்றவுணர்வுக்கு நாள் கணக்கு இல்லை. ஆனால் அது ஒன்றே மனிதனை மறுமுறை அத்தவற்றைச் செய்யாமல் காக்கும். உள்ளிருந்து காக்கும் காவலுக்குச் சம்பளமும் தேவையில்லை, துப்பாக்கியும் தேவையில்லை.

படத்தில் குறையே இல்லையோ எனில், உண்டு. இரண்டினை மட்டும் சுட்டுவோம். முதலாவது, கொலையுண்டவர்களின் மனைவி மக்கள் யாது எண்ணுவர் என்பதைப் படம் போதிய அளவு கேட்கவில்லை. கணவனை இழந்தவளிடம் போய், ‘அவனைக் கொன்றவன் இப்பொழுது நல்ல தக்காளி விளைவிக்கிறான்’ என்று சொன்னால் அவள் மனம் ஆறிவிடுமா? நீதி என்பது குற்றவாளி திருந்துவதோடு நிறைவடைவதன்று; இழந்தவர் கண்ணீருக்கும் அதில் பங்குண்டு. இரண்டாவது, படம் ஒரு தனி மனிதனின் பெருமையின் மேல் கட்டப்பட்டது. ஆதிநாத் போன்ற ஒருவன் கிடைக்காத இடத்தில் என் செய்வது? உத்தமர்களை எதிர்பார்த்து எந்த அரசாங்கமும் சட்டம் இயற்ற முடியாது. சாதாரண அதிகாரியும், சாதாரணக் கைதியும் கொண்டு நடக்கக்கூடிய முறையே நிலைக்கும்.

இவ்விரண்டாவது கேள்விக்கு இந்திய வரலாறு ஒருவாறு விடையளித்திருக்கிறது. விடுதலைப் போரில் சிறை சென்ற டாக்டர் சம்பூர்ணானந்தர் உத்தரப் பிரதேசத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, 1952-இல் காசிக்கு அருகில் சந்திரபிரபா ஆற்றில் அணை கட்டும் வேலைக்குக் கைதிகளை மதிலற்ற முகாமில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்து சிறையை அறிந்தவர் ஆட்சிக்கு வந்ததன் பயன் அது. பின்னர் அவர் ராஜஸ்தானத்தின் ஆளுநராக இருந்த காலத்தில், 1963-இல் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் திறந்தவெளிச் சிறை தோன்றிற்று. அங்கே கைதி தன் மனைவி மக்களோடு வாழ்கிறான். பகலில் வெளியே சென்று கூலி வேலையோ கடை வேலையோ செய்து சம்பாதிக்கிறான். குறித்த நேரத்திற்குத் திரும்பி வந்து பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று கூறவேண்டும். தண்டனைக் காலத்தில் ஒரு பகுதியை மூடிய சிறையில் நன்னடத்தையுடன் கழித்தவர்களே அங்கு அனுப்பப்படுவர். அவர்களுள் பலர் கொலைக் குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றவர்கள். அங்கு ஆதிநாத் இல்லை, விதிகள் உள்ளன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்முறை அழியவில்லை. தமிழகத்திலும் சிவகங்கைச் சீமையில் புரசடை உடைப்பு என்னுமிடத்தில் திறந்தவெளிச் சிறை உண்டு.

சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளைக்காரர் கதையும் இதனோடு சேர்ந்ததே. தூக்குத் தண்டனை பெற்றிருந்த தகசீல்தார் சிங் என்பவன் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தின் பயனாக, 1960-இல் வினோபா பாவே அப்பள்ளத்தாக்கில் கால்நடையாகச் சென்றார். கொள்ளைக்காரர் சிலர் அவர் காலடியில் துப்பாக்கிகளை வைத்தனர். 1972-இல் ஜெயப்பிரகாச நாராயணர் முன்னிலையில் நூற்றுக்கணக்கானோர் அவ்வாறே சரணடைந்தனர். இதனைக் காவல்துறையினர் பலர் விரும்பவில்லை. கொலை செய்தவர்களுக்கு மாலை மரியாதையா என்று கேட்டனர். அக்கேள்வியும் நியாயமற்றது அன்று. கருணை என்னும் பெயரால் குற்றத்திற்கு விழா எடுத்தல் கூடாது. சரணடைந்தவர்கள் நீதிமன்றத்தின்முன் நின்று தண்டனையும் ஏற்றனர் என்பதே அந்நிகழ்ச்சியின் பெருமை.

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் அல்ல. நாம் வாழும் இந்நாட்டு மண்ணே கைதிகளின் வியர்வையால் நனைந்தது. 1825 முதற்கொண்டு இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் வந்திறங்கினர். பினாங்கிலும் மலாக்காவிலும் அவர்கள் இருந்தனர். சிங்கப்பூரின் சாலைகளை அவர்கள் போட்டனர். சதுப்பு நிலங்களைத் தூர்த்தனர். 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயமும், இன்று குடியரசுத் தலைவரின் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் அவர்கள் கைவண்ணமே. அவர்களைக் காவல் காக்க வெளியாட்கள் போதாமையால், நன்னடத்தையுள்ள கைதிகளையே மற்றக் கைதிகளுக்குக் காவலராக்கினர். படிப்படியாக உயர்ந்தவர்களுக்குச் சீட்டு வழங்கி, நகரத்தில் தொழில் செய்து பிழைக்க விட்டனர். செலவைக் குறைக்க வேண்டும் என்பது ஆட்சியாளர் எண்ணம். ஆயினும் நம்பி விட்டால் மனிதன் நம்பிக்கைக்கு உரியவனாவான் என்பது அதன்மூலம் வெளிப்பட்டது.

அதே சிங்கப்பூர் மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. அது இரத்தத்தால் எழுதப்பட்ட பாடம். 1960-இல் நகரத்திற்குத் தெற்கே புலாவ் செனாங் என்னும் தீவில் ஒரு குடியேற்றம் அமைக்கப்பட்டது. ‘செனாங்’ என்றால் சுகம் என்பதை நம்மில் அறியாதார் யார்? இரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்களை அங்கு கொண்டு சென்று, உழைப்பால் திருத்துவது நோக்கம். தலைமை ஏற்ற டேனியல் டட்டன், உழைப்பே மனிதனைத் திருத்தும் என்பதில் அசையா நம்பிக்கையுடையவர். காடாய்க் கிடந்த தீவில் சாலைகளும் குடியிருப்புகளும் தொழிற்கூடங்களும் எழுந்தன. உலகத்தார் வந்து பார்த்து வியந்தனர். ஆனால், 1963 ஜூலை 12-ஆம் நாள் கலகம் மூண்டது. தாங்கள் கட்டியதைத் தாங்களே கொளுத்தினர். டட்டனும், அவருடைய உதவியாளர் மூவரும் கொல்லப்பட்டனர். மூவருள் ஒருவர் நம்மினத்தவர். நீண்ட விசாரணைக்குப் பின் பதினெண்மர் 1965 அக்டோபர் 29-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். குடியேற்றம் கைவிடப்பட்டது.

திரையில் ஆதிநாத் மாண்டான். அவன் கொள்கை வாழ்ந்தது. தீவில் டட்டன் மாண்டார். அவர் கொள்கையும் அவரோடு மாண்டது. இருவரும் நல்லெண்ணம் படைத்தவர்களே. இருவரும் கைதிகளிடையே வாழ்ந்தவர்களே. வேறுபாடு எங்கே? நாம் அறிந்த மட்டில் ஒன்று கூறலாம். புலாவ் செனாங்கிற்கு அனுப்பப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்கள் அல்லர். விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டவர்கள். எத்தனை ஆண்டு என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. விடுதலை நாள் அதிகாரிகளின் மனநிறைவைப் பொறுத்திருந்தது. கலகத்திற்குச் சில நாட்களுக்கு முன், கூடுதல் வேலை செய்ய மறுத்த தச்சர் பதின்மூவர் மீண்டும் சாங்கிச் சிறைக்கு அனுப்பப்பட்டனர் என்பது பின்னர் விளங்கிற்று. கொலைக்கு இது சமாதானம் ஆகாது. நால்வரை வெட்டிக் கொன்ற கொடுமைக்கு எக்காரணமும் ஈடாகாது. ஆயினும் ஆராய்பவன் உண்மையை மறைத்தலும் ஆகாது. தன் குற்றம் இன்னதென்று தெளிவாகக் கூறப்படாதவனிடம் குற்றவுணர்வை எதிர்பார்ப்பது எங்ஙனம்? தன் தண்டனையின் எல்லையை அறியாதவன் உழைப்பைத் தவமாகக் கருதுவது எங்ஙனம்? நீதியின் முற்பாதி செம்மையாக நடந்தாலன்றிப் பிற்பாதி பயன்தராது. மணிமேகலையின் கருணைக்குக்கூட, அதற்கு இசைந்து கட்டளையிட ஒரு செங்கோல் தேவையாயிருந்தது.

சாந்தாராமின் இப்படம் 1975-இல் ‘பல்லாண்டு வாழ்க’ என்னும் பெயரில் தமிழில் எடுக்கப்பட்டது. கே. சங்கர் இயக்க, எம்.ஜி.ஆர். சிறை அதிகாரியாக நடித்தார். இந்திப் பெயரை அறியாத நம்மவர் பலர் அக்கதையைத் தமிழில் பார்த்து உளமுருகியிருப்பர். கைதிகள் திருந்தியபோது கைதட்டியிருப்பர். அக்கைதட்டலைப் பற்றியே ஒரு சொல் கூறி இக்கட்டுரையை முடிக்கிறோம்.

தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நம் வாலிபர் சிலர் தீய சேர்க்கையால் கெட்டுச் சிறை புகுவதை நாம் காண்கிறோம். தண்டனை முடிந்து அவன் ஒருநாள் வீடு திரும்புகிறான். சட்டம் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. நாம் தீர்த்துக்கொண்டோமா? அவன் வரும் வழியில் நம் வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது. அவன் வேலை கேட்டால், ‘பிறகு பார்க்கலாம்’ என்கிறோம். அவனுடைய தங்கைக்கு வந்த வரன் திரும்பிப் போகிறது. ரேகைச் சட்டம் 1952-இல் ஒழிந்தது என்றோம். நம் தெருவில் அது ஒழிந்ததா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கூறுக. கதவடைக்கப்பட்டவனை ‘வா தம்பி’ என்று அழைக்கப் பழைய கூட்டாளிகள் மட்டுமே முச்சந்தியில் காத்திருக்கிறார்கள்.

திரையில் ஆறு கொலைகாரரை மன்னித்த நாம், பக்கத்து வீட்டில் ஒரு பையனை மன்னிக்கத் தயங்குகிறோம். மன்னிப்பது என்றால் குற்றத்தை மறப்பதன்று. செய்தது தவறு என்பதை அவன் முகத்துக்கு நேரே கூறுவோம். அவனால் இழப்புற்றவருக்கு அவன் ஆற்றவேண்டிய கடனையும் கூறுவோம். கூறிய பின் வேலைக்கு அழைத்துச் செல்வோம். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் அதிகாரம் சோழ மன்னனிடம் இருந்தது. இன்று அரசாங்கங்களிடம் இருக்கிறது. ஆனால் சிறையிலிருந்து மீண்டவனுடைய கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுக்கும் அதிகாரம் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அதற்கு அரசாணை வேண்டியதில்லை.